பண்டத்தரிப்புக்குப் போன எரிமலைக் கண்ணாடி

என் பாஸ்போர்ட்டுக்கு வயது ஏறிக்கொண்டே போனதே தவிர, அதில் ஒரு முத்திரைகூட ஏறவில்லை. கடைசியில் ஏறிய முதல் முத்திரை இலங்கையுடையது. அதுவும் இன்னொருவர் கல்யாண மோதிரத்தின் தயவில்.

சென்னையில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் சிவராசா தம்பதி யாழ்ப்பாணத்துக்காரர்கள். அவர்கள் மகன் நிமலன் சாலைப் பொறியாளர். அர்மீனியாவில் மலையை வெட்டிச் சாலை போடுகிறான். அவனுக்குப் பண்டத்தரிப்பில் பெண் நிச்சயமாகியிருந்தது. வெட்டிய மலையில் கிடைத்த கறுப்புக் கல் ஒன்றை அங்கேயே பட்டை தீட்டித் தங்க மோதிரத்தில் பதித்துப் பெற்றோருக்கு அனுப்பியிருந்தான். அதை யாராவது பெண்ணின் கையில் சேர்க்க வேண்டும். சிவராசாவுக்கு முழங்காலில் அறுவை நடந்திருந்தது. அவர் மனைவி அவரை விட்டு நகர முடியாது.

"நீங்கள் சும்மாதானே இருக்கிறியள்" என்றார் சிவராசா. பல வருடங்களாகப் பத்திரிகைகளில் நகைச்சுவைப் பத்தி எழுதிவரும் எனக்கு இவ்வளவு சுருக்கமான விமர்சனம் இதற்கு முன் வந்ததில்லை.

கல்லின் பெயர் அப்சிடியன். எதையும் முந்தின நாள் படித்துவிட்டு நெடுநாள் தெரிந்ததுபோலப் பேசுவது என் தொழில் என்பதால் படித்தேன். எரிமலைக் குழம்பு மெதுவாக ஆறினால் உள்ளே பொடிப் படிகங்கள் உருவாகி, நாம் அறிந்த பாறையாகிவிடும். சட்டென்று ஆறிவிட்டால் படிகம் கட்ட நேரம் கிடைக்காமல் அப்படியே உறைந்து கண்ணாடியாகும். தொழிற்சாலை இல்லாமல் பூமி தானே வார்த்த கண்ணாடி. உடைத்தால் விளிம்பு சவரக்கத்தியைவிடக் கூர்மையாக இருக்கும். இரும்பு வருவதற்கு முன்பு மனிதன் அதில் கத்தி செய்தான், அம்புமுனை செய்தான். சில நாடுகளில் அதைத் தேய்த்து முகம் பார்த்தான். தமிழில் எரிமலைக் கண்ணாடி என்கிறார்கள். நல்ல பெயர் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பெயரின் பின்பாதி எனக்கு என்ன செய்யப் போகிறது என்று அப்போது தெரியாது.

முதல் நாள். யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. மேடு என்று சொல்லும்படிகூட ஒன்றும் கண்ணில் படவில்லை. எங்கே தோண்டினாலும் வெள்ளைச் சுண்ணாம்புக் கல். எரிமலை வாய்ப்பே இல்லாத ஊருக்கு எரிமலைத் துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவதில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. ஓட்டோக்காரரிடம் அதை வெளியிட முடியாமல், "ரொம்ப சமதளமான ஊருங்க" என்றேன்.

"ஓமண்ணை, பிறேக் பிடிக்காட்டியும் பயமில்லை" என்றார். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்து, "இந்தியாவோ? படத்திலை கதைக்கிற மாதிரிக் கதைக்கிறியள்" என்றார். வில்லனா, கதாநாயகனா என்று கேட்டேன். கண்ணாடியில் மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு, "கதாநாயகியின்ரை தகப்பன்" என்றார்.

பெண்ணின் தகப்பன் கந்தையா வெங்காயம் பயிரிடுபவர். நிறையக் கேட்பவர், கொஞ்சம் பேசுபவர். தாய் யோகேஸ்வரி அவருக்கும் சேர்த்துப் பேசுபவர். என்னைத் 'தம்பி' என்று கூப்பிட்டார். அந்த வார்த்தையை யாரும் எனக்குத் தந்து வெகுகாலம் ஆனதால் அங்கேயே தங்கிவிடலாமா என்று தோன்றியது. புட்டும் சொதியும் கணவாய்க் கறியும் வைத்தார்கள். சென்னையில் காரம் நாக்கில் தொடங்கி நாக்கிலேயே முடியும். இங்கே அது காது வரை போய், அங்கே சற்றுத் தங்கி, பிறகுதான் கண்ணுக்கு வருகிறது.

"உறைக்குதோ தம்பி?"

"இல்லக்கா" என்றேன், கண்ணீரோடு.

பெண் தாரணி மாலையில் ஸ்கூட்டியில் வந்தாள். யாழ்ப்பாண நகரில் மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றில் வேலை. எதையும் ஒருமுறை கூர்ந்து பார்த்துவிட்டுத்தான் பேசுவாள். என்னைப் பார்த்தவுடன், "அங்கிள், உங்கடை கண்ணாடி இடப்பக்கம் சரிஞ்சு கிடக்கு" என்றாள். நான் தந்த மோதிரப் பெட்டியைத் திறந்தாள். கறுப்பு. சற்றுத் திருப்பினால் உள்ளே பொன் பொடி தூவியதுபோல ஒரு மினுக்கம் எழுந்து மறையும். விரலில் போட்டாள். கையைத் தொங்கவிட்டதும் அது கழன்று தரையில் உருண்டது.

"வடிவாத்தான் கிடக்கு. ஆனா இதுக்குள்ளை இன்னொரு ஆளின்ரை விரலும் போகும்" என்றாள்.

"கறுப்புக் கல்லு" என்றார் யோகேஸ்வரி. அதில் ஆட்சேபம் இருந்தது. ஆனால் இப்போதைக்கு எடுத்து வைக்கப்பட்டிருந்தது. "நாளைக்குப் பத்தரிட்டைக் குடுத்துச் சின்னனாக்குவம். எப்பிடியும் பொன்னுருக்குக்கும் அவரிட்டைத்தானே போகவேணும்."

தாலிக்கான பொன்னை நல்ல நாள் பார்த்து, உறவுகளின் முன்னால் தட்டார், அவர்கள் சொல்லில் பத்தர், உருக்குவதுதான் பொன்னுருக்கு. அது முடிந்தால் கல்யாணம் பாதி முடிந்ததுபோல. அந்த நல்ல நாள் அடுத்த வாரம் இருந்தது.

மறுநாள் நகருக்குப் பஸ். கூட்டத்தில் கந்தையா முன்னால் போய்விட்டார். யோகேஸ்வரி அக்கா பெண்கள் பக்கம். பின்வரிசையில் எனக்கு ஓர் இருக்கை கிடைத்தது. மாதகல் பக்கம் புத்த விகாரையைப் பார்த்துவிட்டு வரும் சிங்களக் குடும்பம் ஒன்று வெள்ளை உடுப்பில் எதிரே இருந்தது. வியர்வை துடைக்கக் கண்ணாடியைக் கழற்றினேன். அந்த நேரம் பார்த்துக் கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏற, கண்ணாடியை இருக்கையில் வைத்துவிட்டு எழுந்து இடம் கொடுத்தேன். அவள் "பரவாயில்லை, அடுத்த சந்தியிலை இறங்கிறன்" என்றாள். தியாகம் செய்த திருப்தியோடு மறுபடி உட்கார்ந்தேன்.

எதிரே இருந்த சிங்களப் பெரியவர் தன் மனைவியிடம் ஏதோ சொன்னார். மனைவி வாயை மூடிச் சிரித்தார். என் பக்கத்தில் இருந்தவருக்குச் சிங்களம் தெரியும்போல. அவரும் சிரித்தார். "என்ன சொல்றார்?" என்றேன்.

"இந்தப் பெரிய மனிசன் தன்ரை கண்ணாடிக்கு மேலை தானே இருந்திட்டார் எண்டு சொல்லுறார்."

மொழிபெயர்ப்பு எப்போதும் சற்றுத் தாமதமாகத்தான் வருகிறது. எழுந்து பார்த்தபோது சட்டம் முறிந்து, ஒரு வில்லை இரண்டாகியிருந்தது. நடத்துநர், "இறங்கிறாக்கள் முன்னுக்கு வாங்கோ" என்று கத்தினார். நான் யாழ்ப்பாண நகரத்துக்குள் அநேகமாகக் குருடனாக நுழைந்தேன்.

ஆகவே நகைக்கடையில் நடந்ததை நான் காதால்தான் பார்த்தேன். பத்தர் மோதிரத்தைக் கையில் வாங்கினார். சின்னதாக்க வேண்டுமானால் சூடு காட்ட வேண்டும், அதற்கு முன் கல் தாங்குமா என்று பார்க்கிறேன் என்றார். பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஊசியால் ஓரத்தில் ஏதோ கீறிப் பார்க்கும் சத்தம். பிறகு, பூதக்கண்ணாடி வழியாக, கண்ணாடியில்லாத என் முன்னிலையில் அவர் சொன்னார்:

"அக்கா, இது கல்லில்லை. கண்ணாடி."

அந்தக் கடைத் தெருவில் கண்ணாடி என்றால் சீசா செய்கிற பொருள் என்று அர்த்தமில்லை. போலி என்று அர்த்தம். ஏமாற்று என்று அர்த்தம்.

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி வாயை மூடிக்கொண்டிருப்பான். நான் படித்தவன். "ஆமாங்க, கண்ணாடிதான்!" என்றேன் உற்சாகமாக. "ஆனா அசல் கண்ணாடி."

பத்தர் பூதக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்ததாக உணர்ந்தேன். "அண்ணை, இத்தினை வருசத்திலை உப்பிடி ஒருதரும் எனக்குச் சொன்னதில்லை" என்றார்.

பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தோம். வந்ததும் யோகேஸ்வரி அக்கா தேத்தண்ணி கொடுத்தார். கோபத்திலும் தேத்தண்ணி தவறவில்லை, சர்க்கரைதான் தவறியிருந்தது. நான் எரிமலையிலிருந்து தொடங்கினேன். குழம்பு, சட்டென்று ஆறுவது, படிகம் கட்டாதது எல்லாம் சொன்னேன். அவர் கடைசி வரை கேட்டார்.

"அப்ப இது பொறுமையில்லாத கல்லு."

"கல்லே இல்லக்கா. அதாவது, கல்தான். ஆனா கண்ணாடி."

"தம்பி, ஒண்டில் கல்லெண்டு சொல்லுங்கோ, இல்லாட்டிக் கண்ணாடியெண்டு சொல்லுங்கோ. அந்தப் பிள்ளை போனிலை தாரணியிட்டை என்ன சொன்னவர்? மலையிலை எடுத்த கல்லு எண்டவர். கண்ணாடியெண்டு சொல்லியிருந்தாக் கண்ணாடியெண்டே வாங்கிப் போட்டிருப்பம். எங்களுக்கு விலையோ பெரிசு?"

விலை பெரிதில்லைதான். அவருடைய தங்கை மகளை வெளிநாட்டில் மேலாளர் என்று சொன்ன ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். போய்ப் பார்த்தால் அவர் மேலாளராக இருந்த கடையும் இல்லை, அவர் சொன்ன வீடும் இல்லை, இன்னொரு மனைவி மட்டும் இருந்தாளாம். அந்தப் பெண் திரும்பி வந்து அடுத்த தெருவில் இருக்கிறாள். தாரணி நிமலனை நேரில் பார்த்ததேயில்லை. அர்மீனியாவில் அவளுக்குத் தெரிந்த ஒரே ஆள் அவனாகத்தான் இருக்கப் போகிறான்.

"சின்ன விசயத்திலை பொய் சொல்லுற ஆள், பெரிய விசயத்திலை என்ன சொல்லுவார்? பொன்னுருக்கை நிப்பாட்டுவம்" என்றார் யோகேஸ்வரி அக்கா.

அப்போதுதான் கந்தையா வாய் திறந்தார். வெகு மென்மையாக, "வழியிலை மாறுப்பட்டிருக்குமோ?" என்றார்.

எல்லோரும் வழியைப் பார்த்தார்கள். வழி நான்தான்.

என்னை நானே பலமுறை சந்தேகித்திருக்கிறேன். ஆனால் எப்போதும் திறமை குறித்துத்தான். இப்போது முதல்முறையாக எனக்கு மோதிரக் கல்லை மாற்றும் சாமர்த்தியம் இருக்கலாம் என்று ஒருவர் நம்பினார். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தாரணி மட்டும் மோதிரத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் கிணற்றடிக்குப் போய் நின்றுகொண்டு கைபேசியை எடுத்தேன். நிமலனுக்கு ஒரு வார்த்தை சொல்லிவைத்துவிட்டால் போதும் என்று தோன்றியது. 'கல்லைப் பற்றிக் கேட்டால் கண்ணாடி என்று சொல்லாதே, எரிமலைக் கல் என்று மட்டும் சொல்.' கண்ணாடியில்லாமல் எழுத்துக்கள் எறும்பு வரிசையாகத் தெரிந்தன. கைபேசி தானாக முன்வைத்த வார்த்தைகளை நம்பித் தட்டினேன். தட்டி முடித்ததும், ஒரு பெண்ணின் வாழ்க்கை விஷயத்தில் பொய் சொல்லிக் கொடுக்கிறோமே என்று உறுத்தியது. அழித்துவிடலாம் என்று அழிக்கிற இடத்தை அழுத்திவிட்டு உள்ளே போனேன். நேர்மையாக நடந்துகொண்டதில் எனக்கு அன்றிரவு இன்னும் ஓர் இடியப்பம் கூடுதலாகவே இறங்கியது.

அடுத்த நாள் தாரணியின் கடைக்குப் போனேன். குருடனாக ஊர் திரும்பினால் மனைவி கேட்கும் கேள்விகளுக்குப் பயந்தே போனேன். பெற்றோர் இல்லாத இடத்தில் தாரணி வேறு ஆளாக இருந்தாள். முறிந்த சட்டத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேலை ஆர் இருந்தது?" என்றாள்.

"உன் வருங்கால மாமனாரின் வீட்டுச் சொந்தக்காரர்."

சிரித்தாள். கண் சோதிக்கும் பெட்டியின் முன் உட்கார வைத்து, எழுத்துப் பலகையைக் காட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டாள். புதிய வில்லைக்கு எழுதிக்கொண்டாள். "கண்ணாடி கனமா இருக்குமா?" என்று கேட்டேன்.

"கண்ணாடியோ? அங்கிள், இது பிளாஸ்ரிக். இப்ப ஒருதரும் கண்ணாடியிலை கண்ணாடி போடுறேல்லை. முறிஞ்ச உங்கடை பழசும் பிளாஸ்ரிக்தான். தெரியாதோ?"

தெரியாது. கண்ணாடி என்று இத்தனை வருடம் மூக்கில் சுமந்தது கண்ணாடி இல்லை. கல் என்று சட்டைப்பையில் சுமந்தது கண்ணாடி. தமிழ் தெரியும் என்று சொல்லிக்கொண்டு பிழைக்கிற ஆள் நான்.

"தாரணி, அந்தக் கல்லு உண்மையிலேயே..."

"எனக்குத் தெரியும் அங்கிள். நேற்றே இன்ரநெற்றிலை பாத்தனான். அப்பிடியொரு கல்லு இருக்கு. எங்கடை பத்தர் சொன்னதும் பிழையில்லை, நீங்கள் சொன்னதும் பிழையில்லை. கல்லைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கல்லை இன்ரநெற்றிலை பாக்கலாம். ஆளை எங்கை பாக்கிறது?"

வில்லைக்கு எழுதிய சீட்டை மடித்து வைத்தாள்.

"நீங்கள் அவரைச் சின்னனிலை இருந்து தெரிஞ்ச ஆள். அவர் பொய் சொல்லுறவரோ?"

மாடிப்படியில் பந்து உருட்டும் சிறுவனாகவும், பிறகு விடுமுறைக்கு வந்து கன்னத்தில் தாடியோடு "என்ன அங்கிள்" என்பவனாகவும்தான் அவனை எனக்குத் தெரியும். பந்து பட்டு உடைந்த எங்கள் ஜன்னலைப் பற்றிக் கேட்டபோது என்ன சொன்னான் என்று நினைவுபடுத்தப் பார்த்தேன். நினைவில்லை. "தெரியலம்மா" என்றேன்.

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்ததுபோலத் தெரிந்தது. "இண்டைக்குப் பின்னேரம் அவரோடை கதைக்கப் போறன். எல்லாருக்கும் முன்னாலை, சத்தம் கேக்கிற மாதிரிப் போட்டு. கண்ணாடியோ எண்டு கேப்பன். சுத்தி வளைச்சால் அம்மா சொன்னதுதான், பொன்னுருக்கு வேண்டாம். நீங்கள் அவருக்கு முன்கூட்டி ஒண்டும் சொல்லேல்லைத்தானே?"

"இல்லை" என்றேன், அழித்துவிட்ட கம்பீரத்தோடு.

"அப்ப சரி. கண்ணாடி நாளைக்கு."

மாலையில் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். மேசை நடுவில் கைபேசி, அதன் பக்கத்தில் மோதிரம். கந்தையா வெங்காயத்தில் இருந்து நேரே எழுந்து வந்திருந்தார். அழைப்பு போனது. அந்தப் பக்கம் லொறிகளின் இரைச்சல், யாரோ வேற்று மொழியில் கத்தும் சத்தம்.

"தாரணியோ? சொல்லும்" என்றான் நிமலன்.

"நீங்கள் அனுப்பின மோதிரத்திலை இருக்கிறது கண்ணாடியோ?"

அந்தப் பக்கம் இருமுறை ஹாரன் அடித்தது. யோகேஸ்வரி அக்கா சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்ததைக் கண்ணாடியில்லாமலே பார்த்தேன்.

"ஓம், கண்ணாடிதான். ஏன், உடைஞ்சு போச்சோ?" பிறகு அவசரமாக, "கை வெட்டேல்லையே? அது உடைஞ்சா மோசமான கூர். துண்டுகளைக் கையாலை எடாதையும், தாரணி. விளக்குமாறாலை கூட்டும்."

தாரணி மேசையில் இருந்த மோதிரத்தைப் பார்த்தாள். "உடையேல்லை. பெரிசாக் கிடக்கு, அவ்வளவுதான்."

"அப்ப நூல் சுத்திப் போடும்."

யோகேஸ்வரி அக்காவால் இனி முடியவில்லை. கைபேசிக்கு மேலே குனிந்து, "கல்லெண்டு சொன்னனீங்களாம்?" என்றார்.

"மலையிலை இருந்து உடைச்சு எடுத்ததை வேறை என்னெண்டு சொல்லுறது, மாமி?"

அவன் மாமி என்று சொன்னது அதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னார்கள். யோகேஸ்வரி அக்கா நிமிர்ந்தார். கந்தையாவைப் பார்த்தார். கந்தையா வெங்காயத் தோலைக் கையிலிருந்து தட்டினார். அவர்கள் வீட்டில் அது சம்மதம்போல.

"சாப்பிட்டீங்களோ தம்பி?" என்றார் யோகேஸ்வரி அக்கா கைபேசியிடம். அந்த வீட்டில் தம்பி என்ற பட்டம் என்னிடமிருந்து கைமாறியது.

அன்றிரவு மஞ்சள் நூலை மோதிரத்தின் அடியில் சுற்றிக்கொடுத்ததும் அவர்தான். "கறுப்புத்தான். ஆனா உருக்கினதுதானே. தாலியும் உருக்கிறதுதானே. குற்றமில்லை" என்று தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். என்னிடம், "உங்களையும் சந்தேகப்பட்டிட்டம், குறை நினையாதையுங்கோ" என்றார். அந்தச் சந்தேகத்தை விட்டுக்கொடுக்கத்தான் எனக்கு மனமில்லை. பனங்கட்டியும் மிளகாய்த் தூளும் ஒரு பையில் கட்டித் தந்தார்கள்.

புறப்படும் நாள் வழியில் கண்ணாடி வாங்கப் போனேன். தாரணி அதை என் மூக்கில் வைத்து, காதுப் பக்கம் வளைத்து, தள்ளி நின்று பார்த்தாள். அவள் விரலில் மோதிரம். அடியில் மஞ்சள் நூல்.

"எதையாவது வாசிச்சுப் பாருங்கோ அங்கிள்."

கையில் இருந்தது கைபேசிதான். திறந்தேன். நிமலனின் பெயர் மேலே இருந்தது. அதற்குக் கீழே, அன்று கிணற்றடியில் நான் அழித்த செய்தி, போய்ச் சேர்ந்து, படிக்கப்பட்டு இருந்தது.

'கல்லைப் பற்றிக் கேட்டால் கண்ணாடி என்று சொல்லாதே எருமைக் கல் என்று மட்டும் சொல்'

அதன் கீழே, நேற்றுக் காலை வந்த அவன் பதில்: 'எருமைக் கல்லோ? என்ன அங்கிள், கண்ணாடியைக் கண்ணாடியெண்டு சொல்லாமல்? ஏன், உடைஞ்சு போச்சோ?'

"தெரியுதோ?" என்றாள் தாரணி.

"நல்லாத் தெரியுது" என்றேன். வேறு வழியில்லாமல் கைபேசியை அவளிடம் நீட்டினேன்.

வாசித்தாள். 'எருமை' வந்த இடத்தில் அவள் உதடு துடித்தது. மறுபடி மேலிருந்து வாசித்தாள். செய்தி போன நேரத்தைப் பார்த்தாள்.

"அப்ப நான் கேக்கேக்கை அவருக்கு முதலே தெரியும்."

"தெரியும்."

"சொல்லாதை எண்டு நீங்கள் சொல்லியும்..."

"ஆமா."

கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள். என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். அவள் என் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றி, கடைத் துணியால் இரண்டு வில்லையையும் துடைத்து, மறுபடி மாட்டிவிட்டாள். பிறகு அதே துணியால், நின்று நிதானமாக, மோதிரத்தைத் துடைத்தாள். கறுப்புக்குள்ளிருந்து பொன் எழுந்து வந்தது. இந்த முறை அதைத் தெளிவாகப் பார்த்தேன்.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "என்ன அங்கிள்?" என்றாள். "கண்ணாடி துடைக்கிற துணிதானே."